பாலாற்றங்கரைச் சபைகள் – 17: சித்தம் யாருடையது?

1894 அக்டோபர் 14-ஆம் தேதி, அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் செயின்ட் சார்லஸ் என்ற ஊரில், லுத்தரன் திருச்சபையார் இரண்டு ஜெர்மானியர்களை மிஷனரிகளாகப் பிரதிஷ்டை செய்து இந்தியாவுக்கு அனுப்பினார்கள். ஒருவர் தியோடர் நேதர், மற்றவர் ஃபிரான்ஸ் மோன். வழக்கமாக இப்படி அனுப்பப்படுகிறவர்களுக்குப் போகும் நாடு தெரியாது, மொழி தெரியாது. இவர்கள் இருவருக்கும் இரண்டும் தெரியும். லைப்ஸிக் மிஷனின் ஊழியர்களாகத் தமிழ்நாட்டில் ஏற்கெனவே வாழ்ந்தவர்கள். அந்த மிஷன் இவர்களை ஊழியத்திலிருந்து நீக்கிவிட்டிருந்தது. நீக்கப்பட்ட நாட்டுக்கே வேறொரு சபையின் பெயரால் திரும்பி வந்தார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, பர்கூர் வட்டாரத்தில் இன்று நாம் பார்க்கும் இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

நீக்கத்துக்குக் காரணம் பணமோ ஒழுக்கமோ அல்ல. வேதாகமம்.

லைப்ஸிக் மிஷன் சாதாரணச் சங்கம் அல்ல. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கின் வாரிசு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அதற்கு இருந்தது. ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் காற்று வேறு திசையில் வீசியது. மோசேயின் ஐந்து ஆகமங்களும் ஒரே கையால் எழுதப்பட்டவை அல்ல, பல காலத்துப் பல அடுக்குகள் சேர்ந்தவை என்று யூலியுஸ் வெல்ஹவுசன் 1878-இல் எழுதிய நூல் இறையியல் உலகையே உலுக்கியது. வேதாகமம் சொல்லுக்குச் சொல் தேவனுடைய வார்த்தையா? அல்லது மனிதக் குறைகளும் கலந்த ஒரு நூலுக்குள் தேவனுடைய வார்த்தை இருக்கிறதா? லைப்ஸிக் மிஷனின் தலைமை பக்தியுள்ளதுதான். எனினும் பேராசிரியர்களோடு நேரடியாக மோத அது முன்வரவில்லை. நேதரும் மோனும் பதில் கேட்டு வற்புறுத்தினார்கள். திருப்தியான பதில் வரவில்லை, இவர்களும் விடவில்லை. 1893-இல் பிரிவு முடிவானது.

இது முதல் முறை அல்ல. 1876-இலேயே கோட்பாட்டுக் காரணங்களைச் சொல்லி லைப்ஸிக் மிஷனரிகள் சிலர் வெளியேறியிருந்தார்கள். புதுக்கோட்டையில் ஊழியம் செய்த கார்ல் மாந்தை சோர்ன் அவர்களில் ஒருவர். அவர் அமெரிக்கா போய் மிசூரி சபையில் போதகரானார். நேதரும் மோனும் போவதற்கு முன்பே அந்தப் பாதை மிதிபட்டிருந்தது.

மிசூரி சினட் என்பது சாக்சனி முதலிய இடங்களிலிருந்து குடியேறிய ஜெர்மானியர்கள் 1847-இல் அமைத்த திருச்சபைக் கூட்டமைப்பு. 1893-இல்தான் வெளிநாட்டு மிஷன் தொடங்க அது முடிவெடுத்தது. அப்போது அவர்கள் மனத்தில் இருந்த நாடு ஜப்பான். இந்தியா பேச்சிலேயே இல்லை. அந்த நேரத்தில் தமிழ் தெரிந்த, அனுபவமுள்ள, வேதாகமத்துக்காக வேலையை இழந்த இரண்டு மிஷனரிகள் கிடைத்தார்கள். ஜப்பான் போய் இந்தியா வந்தது. தெய்வச் செயல் என்று சபையார் சொன்னார்கள். இரண்டு பிடிவாதக்காரர்களின் முடிவு என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியுமா என்பதுதான் இந்த இதழில் நாம் பேசப்போகும் விஷயம்.

ஏனென்றால், மிசூரி சபையார் அப்போதுதான் வேறொரு பெரும் சண்டையிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். அது மனித சித்தத்தைப் பற்றிய சண்டை. தேவன் சிலரை இரட்சிப்புக்கென்று தெரிந்துகொண்டார், அதாவது தேர்ந்தெடுத்தார், என்று பவுல் எழுதுகிறார். எதைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்? இன்னார் பின்னாளில் விசுவாசிப்பார் என்று முன்னதாகவே கண்டு அதனால் தெரிந்துகொண்டார் என்றார்கள் ஒரு சாரார். இல்லை, மனிதனிடத்தில் எதையுமே பார்க்கவில்லை, கிருபை ஒன்றே காரணம், விசுவாசமும் அவர் தந்ததே என்றார் மிசூரியின் தலைவர் வால்தர். 1877-இல் தொடங்கிய வாதம் 1881-இல் ஒஹையோ சினட் பிரிந்துபோகும் அளவுக்கு முற்றியது. பங்காளிகள் பகையாளிகள் ஆனார்கள்.

வால்தரின் நிலைப்பாட்டில் ஒரு நுட்பம் உண்டு. அதைக் கவனிக்காவிட்டால் ஆம்பூரின் கதையே பிடிபடாது. இரட்சிக்கப்படுகிறவன் முழுக்க முழுக்க கிருபையால் இரட்சிக்கப்படுகிறான். அதில் அவனுக்குத் துளியும் பங்கில்லை. கெட்டுப்போகிறவன் முழுக்கத் தன் குற்றத்தால் கெட்டுப்போகிறான். அதில் தேவனுக்குத் துளியும் பங்கில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்தால் கணக்கு உதைக்கும். முதலாவது உண்மையென்றால், மற்றவனையும் தேவன் ஏன் தெரிந்துகொள்ளவில்லை என்று கேட்கத் தோன்றும். கால்வின் வழிவந்தவர்கள் துணிந்து பதில் சொன்னார்கள்: அதுவும் தேவனுடைய தீர்மானமே. எதிர்ச் சாரார் வேறு பக்கம் துணிந்தார்கள்: மனிதனின் சம்மதத்தில்தான் வித்தியாசம் இருக்கிறது. மிசூரி இரண்டையும் மறுத்தது. வேதம் இரண்டையும் சொல்கிறது, நாங்களும் இரண்டையும் சொல்வோம், நடுவில் இருக்கும் பள்ளத்தை எங்கள் புத்தியால் மூட மாட்டோம் என்றது.

வேதாகமம் பற்றிய கேள்வியும் சித்தம் பற்றிய கேள்வியும் அவர்களுக்கு ஒரே முடிச்சாக இருந்தது இதனால்தான். மனித அறிவு எதற்கு நீதிபதி என்பதே இரண்டிலும் வழக்கு. வேத வாக்கியத்தை அளந்து இது சரி, அது தவறு என்று தீர்ப்புச் சொல்ல அறிவுக்கு அதிகாரம் இல்லை என்றால், தேவனைத் தேடி அடைய மட்டும் அதற்கு எப்படி வலிமை வரும்? லைப்ஸிக்கில் வேதாகமத்துக்காக நின்றவர்களும் மிசூரியில் கிருபைக்காக நின்றவர்களும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டது தற்செயல் அல்ல.

இதன் வேர் இன்னும் முந்நூறு ஆண்டுகள் பின்னே இருக்கிறது. 1524-இல் ஐரோப்பாவின் மிகப் பெரிய அறிஞரான எராஸ்மஸ், மனித சித்தத்துக்குச் சுயாதீனம் உண்டு என்று லுத்தருக்கு எதிராக ஒரு நூல் வெளியிட்டார். அவர் கேள்வி எளிமையானது, இன்றும் கூர்மையானது. மனிதனால் முடியாது என்றால் தேவன் ஏன் கட்டளையிடுகிறார்? ஜீவனைத் தெரிந்துகொள் என்று உபாகமம் ஏன் சொல்ல வேண்டும்? யாரைச் சேவிப்பீர்கள் என்று இன்றே தீர்மானியுங்கள் என்று யோசுவா ஏன் கேட்க வேண்டும்? மறு ஆண்டு டிசம்பரில் லுத்தரின் பதில் வந்தது. கட்டளை நம்மால் முடியும் என்று காட்டவில்லை, நம்மால் முடியவில்லை என்பதை நமக்கே காட்டுகிறது என்றார் அவர். சித்தத்தைச் சுமை சுமக்கும் மிருகத்துக்கு ஒப்பிட்டார். தேவன் ஏறி அமர்ந்தால் தேவன் போகுமிடம் போகும், சாத்தான் அமர்ந்தால் அவன் வழியில் போகும், யார் அமர வேண்டும் என்பது மிருகத்தின் கையில் இல்லை. எராஸ்மஸ் வேதம் பல இடங்களில் இருளாக இருக்கிறது என்றார். லுத்தர் வேதம் தெளிவானது, இருள் நம் கண்ணில் என்றார். அங்கும் சித்தமும் வேதமும் ஒன்றாகவே வாதாடப்பட்டன.

தான் எழுதியவற்றில் எவை நிலைத்தால் போதும் என்று 1537-இல் ஒரு கடிதத்தில் லுத்தர் குறிப்பிட்டார். கட்டுண்ட சித்தம் பற்றிய இந்த நூல் ஒன்று, ஞானோபதேசம் மற்றொன்று. முதல் நூலை ஆம்பூர்ச் சபையார் கையில் எடுத்துப் படித்திருக்க வாய்ப்பில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை. சிறிய ஞானோபதேசத்தில், விசுவாசப் பிரமாணத்தின் மூன்றாம் பகுதிக்கு லுத்தர் எழுதிய விளக்கம் அந்தப் பெரிய நூலின் சாரம் முழுவதையும் சில வரிகளில் அடக்கிவிட்டது. என் சொந்தப் புத்தியாலும் பலத்தாலும் என்னால் கிறிஸ்துவிடம் வரவே முடியாது, பரிசுத்த ஆவியானவரே என்னை அழைத்தார் என்பது அதன் பொருள். திடப்படுத்தலுக்குத் தயாராகும் பிள்ளைகள் அதை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். ஒரு வரி விட்டாலும் உபதேசியார் மறுபடி முதலிலிருந்து சொல்ல வைப்பார். ஐரோப்பாவைப் பிளந்த ஒரு வாதம் பாலாற்றங்கரைக்கு வந்து சேர்ந்தது பண்டிதர்களின் வாயால் அல்ல, பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளின் வாயால். ஆம்பூரில் எல்லோருக்கும் தெரிந்த கன்கார்டியா பள்ளிக்கூடத்தின் பெயரே, லுத்தரன் அறிக்கைகளை எல்லாம் தொகுத்த 1580-ஆம் ஆண்டு நூலின் பெயர்தான்.

நேதர் 1895-இல் கிருஷ்ணகிரியில் தங்கினார். மோன் அடுத்த ஆண்டில் ஆம்பூரைத் தளமாக்கிக்கொண்டார். அந்த ஆம்பூரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அடுத்த சில ஆண்டுகளில் தண்டவாளம் பாலாற்றை ஒட்டி மேற்கே நீண்டது. ரயில் வந்த பிறகு தோல் தொழில் பெருகியது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று ஆற்று நீரும் ஆவாரம்பட்டையும் கிடைத்த இடமெல்லாம் தொட்டிகள் தோண்டப்பட்டன. உப்பிட்டு வந்த பச்சைத் தோலை ஊறவைப்பார்கள். பிறகு சுண்ணாம்புத் தொட்டியில் பல நாள் கிடக்கும். மயிர் தளர்ந்ததும் வளைந்த கத்தியால் வழித்து, உட்புறத்துச் சதையைச் சீவி எடுப்பார்கள். அதன் பிறகுதான் பட்டைச்சாறு. சுண்ணாம்பு கை விரல்களின் இடுக்கை அரித்துத் தின்னும். நாற்றம் வீடு வரை கூடவே வரும். பதமான தோல் சென்னை வழியாக லண்டன் சந்தைக்குப் போகும். முதலாளிகள் பெரும்பாலும் முஸ்லிம் வணிகர்கள். தொட்டிக்குள் இறங்கியவர்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே சேரியில் வாழ்ந்த தலித் மக்கள். மிசூரி மிஷன் இந்த வட்டாரத்தில் கூட்டிய சபைகளும் பெரும்பாலும் அந்தச் சேரிகளிலிருந்து எழுந்தவைதான்.

சித்தம், விதி பற்றிய பேச்சு இந்த ஊருக்குப் புதிதல்ல. பள்ளிவாசலில் ஈமான் என்னும் நம்பிக்கையின் ஆறு அம்சங்களில் ஒன்றாகக் கத்ர், அதாவது இறைவனின் நியமம், கற்பிக்கப்பட்டது. எல்லாம் இறைவன் நியமித்தபடி நடந்தாலும் மனிதன் தன் செயலுக்குப் பொறுப்பாளி எப்படி என்று இஸ்லாமிய அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுகளாக வாதித்திருக்கிறார்கள். சேரியிலும் ஊரிலும் தலையெழுத்து என்ற பேச்சு நாள்தோறும் புழங்கியது. வள்ளுவரோ ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினைக்கு ஓர் அதிகாரமும் வைத்துவிட்டு, இரண்டையும் சமரசப்படுத்தாமலே விட்டுவிட்டார். அந்த இரண்டு அதிகாரங்களையும் 1856-இலேயே ஜெர்மன் மொழியில் கொண்டு வந்தவர் கார்ல் கிரவுல். நேதரையும் மோனையும் பின்னாளில் நீக்கிய அதே லைப்ஸிக் மிஷனின் தலைவராக இருந்தவர் அவர்! தமிழரின் ஊழை ஜெர்மானிய லுத்தரன்கள் அறியாமல் இருந்திருக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

தலையெழுத்தும் தெரிந்துகொள்ளுதலும் ஒன்றுதானே என்று கேட்பவர்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அது ஒன்றாகத் தெரியவில்லை. தலையெழுத்துக்கு முகம் கிடையாது, அதனிடம் முறையிட முடியாது. அது பிறப்பைக் காரணம் காட்டும்: நீ இந்த வயிற்றில் பிறந்தாய், ஆகவே இந்தத் தொட்டி. லுத்தரன் போதகர் சேரியில் சொன்னது இதற்கு நேர் எதிரானது. நீ யார் வயிற்றில் பிறந்தாய் என்று பார்க்காமல், உன்னிடத்தில் எதையுமே பார்க்காமல், உன்னை ஒருவர் பெயர் சொல்லி அழைத்தார். பிறப்பையே தகுதியாக வைத்த ஒரு சமூகத்தில் "எந்தத் தகுதியும் பார்க்காத தெரிவு" என்ற செய்தி மிசூரியில் ஒலித்ததைவிட ஆம்பூரில் உரக்க ஒலித்திருக்கும் என்றே நம்புகிறேன்.

இங்கே இன்னொன்றும் நடந்தது. லுத்தர் தொகுத்த ஞானஸ்நான முறைமையில், ஞானஸ்நானம் பெற விரும்புகிறாயா என்று கேட்கும் கேள்வி இருக்கிறது. குழந்தைக்காக அதன் ஞானப்பெற்றோர் பதில் சொல்வார்கள். வளர்ந்தவர் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் படியாளாக இருந்த ஒருவனை நினைத்துப் பாருங்கள். எந்த வயலில் உழுவது என்று அவனைக் கேட்டதில்லை. கூலி எவ்வளவு என்று கேட்டதில்லை. தகப்பன் வாங்கிய கடனுக்குத் தானும் உழைக்கச் சம்மதமா என்று கேட்டதில்லை. விரும்புகிறாயா என்று பொது இடத்தில், பலர் முன்னிலையில், ஒருவர் அவனைக் கேட்பது அதுவே முதல் முறையாக இருந்திருக்கும். சித்தம் கட்டுண்டது என்று போதிக்கிற சபை, அந்த மனிதனின் சித்தத்தைக் கேட்டு நின்றது.

இது முரண் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் லுத்தரன்கள் இதற்கு இடம் வைத்திருந்தார்கள். 1530-ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் அறிக்கை 18-ஆம் பிரிவில் இரண்டு தளங்களைப் பிரிக்கிறது. உழுவது, விற்பது, மணம் முடிப்பது, நியாயமாக நடப்பது போன்ற உலகக் காரியங்களில் மனித சித்தத்துக்கு ஓரளவு சுயாதீனம் உண்டு. தேவனிடத்தில் நம்பிக்கை கொள்வதில் மட்டும் ஆவியானவர் இல்லாமல் அது ஒன்றும் செய்யாது. எனவே பள்ளிக்கூடம் கட்டலாம், பிள்ளையைத் தொட்டிக்கு அனுப்பாமல் வகுப்புக்கு அனுப்பும்படி தகப்பனிடம் வாதாடலாம், 1920-களில் ஆம்பூரில் செய்தது போல பெதஸ்தா ஆஸ்பத்திரி நடத்தலாம். விதியே என்று உட்கார எந்த லுத்தரனுக்கும் அனுமதி இல்லை. அந்தக் கீழ்த்தளத்தில் கூலியைப் பற்றியும் தொட்டி வேலையின் கொடுமையைப் பற்றியும் மிஷன் இன்னும் துணிந்து பேசியிருக்கலாம் என்பது என் ஆதங்கம். தன் கோட்பாடே திறந்து வைத்த கதவு அது.

வெளியே இருந்தவர்களோ இந்த ஞானஸ்நானங்களை வேறு விதமாகப் பார்த்தார்கள். 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் தமிழ்நாடெங்கும் மிஷன்கள் கஞ்சி ஊற்றின, சபைகளும் பெருகின. கஞ்சிக்கு மாறினவர்கள் என்ற ஏச்சு அப்போதே பிறந்துவிட்டது. அந்த ஏச்சின் அடியிலும் இருப்பது சித்தம் பற்றிய கேள்விதான்: பசித்தவனின் விருப்பம் விருப்பமாகுமா? வயிறு நிறைந்தவனின் விருப்பம் மட்டும் தூய்மையானது என்று யார் சொன்னது என்று திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது. லுத்தர் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். எந்த மனிதனின் நோக்கமும் கலப்பற்றதல்ல என்பதே அவர் நூலின் தொடக்கப்புள்ளி.

அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு வீடு வருகிறது. யோப்பாவில், கடலோரத்தில், தோல் பதனிடுகிற சீமோனின் வீடு. செத்த மிருகத்தைத் தொட்டு வாழும் அந்தத் தொழிலை யூதர்கள் அருவருத்தார்கள். அப்படிப்பட்டவனின் வீட்டில்தான் பேதுரு பல நாள் தங்கினார். அந்த வீட்டு மேல்மாடியில்தான் அவருக்குத் தரிசனம் வந்தது. தீட்டானவற்றை உண்ணச் சொன்ன குரலுக்கு அவர் மாட்டேன் என்றார். மூன்று தரம் அது நடந்தது. பிறகு புறஜாதியானாகிய கொர்நேலியுவின் ஆட்கள் வாசலில் நின்றபோது, எழுந்து அவர்களோடு போனார். ஒரு மனிதன் விரும்பாததை விரும்புகிறவனாக மாறிய கதை அது. அவன் விருப்பத்தை யாரும் உடைக்கவில்லை, அது திருப்பப்பட்டது. லுத்தரன்கள் மனமாற்றம் என்று சொல்வது இதைத்தான். தோல் தொழிற்சாலைகள் நிறைந்த ஊரில் இந்த அதிகாரத்தைப் போலப் பொருந்தி வாசிக்கத் தக்கது வேதத்தில் வேறு இல்லை. தீட்டைப் பற்றிய தீர்ப்பு தோல்காரன் வீட்டு மாடியில் மாற்றி எழுதப்பட்டது.

ஆம்பூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் அளவே கிழக்கே வந்தால் வேலூர். அங்கே வேறு மரபு. 1853-இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆர்க்காடு மிஷன், அமெரிக்க சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தது. அதன் அடிப்படைகளில் ஒன்று டோர்ட் மாநாட்டின் தீர்மானங்கள். 1618, 1619 ஆண்டுகளில் நெதர்லாந்தில் கூடிய அந்த மாநாடு, மனித சித்தத்துக்கு இடம் கேட்ட ஆர்மீனியஸின் சீடர்களை மறுத்து, தெரிந்துகொள்ளுதலைத் திட்டவட்டமாக அறிக்கையிட்டது. சித்தம் கட்டுண்டது என்பதில் வேலூருக்கும் ஆம்பூருக்கும் வேறுபாடு இல்லை. கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார், கிருபையை மனிதன் எதிர்த்துத் தள்ளவும் முடியும் என்று ஆம்பூர் சேர்த்துச் சொல்லும். தேவன் தெரிந்துகொண்டவனிடத்தில் கிருபை தோற்காது என்று வேலூரின் மூதாதையர் சொன்னார்கள்.

அந்த மரபில் பிறந்த ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தமிழர்கள் அறிவார்கள், ஆனால் இந்தக் கோணத்தில் பார்ப்பதில்லை. 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், மிஷனரி ஆவதில்லை என்று உறுதியாக இருந்தவர். திண்டிவனத்தில் ஓர் இரவு மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவியருக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஆண் மருத்துவரான தகப்பனாரை அனுமதிக்க மூவரும் மறுத்தார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அவர் முடிவு மாறியது. அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து 1900-இல் திரும்பினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அந்த இரவில் முடிவெடுத்தது யார்? அழைப்பு வந்தது என்றார் ஐடா. அந்த அழைப்புக்குக் கீழ்ப்படிந்து நாற்பது, ஐம்பது ஆண்டுகள் நாள்தோறும் எழுந்து வேலைக்குப் போனது அவர் சித்தம். பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார்: பயத்தோடு உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பாடுபடுங்கள், ஏனெனில் விருப்பத்தையும் செயலையும் உங்களுக்குள் உண்டாக்குகிறவர் தேவன். "ஆனாலும்" என்று அவர் எழுதவில்லை.

1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, டோர்ட்டின் பிள்ளைகளும் முன்குறித்தலை வன்மையாக எதிர்த்த ஜான் வெஸ்லியின் பிள்ளைகளும் ஒரே பந்தியில் அமர்ந்தார்கள். லுத்தரன்கள் வெளியே நின்றார்கள். 1948 முதல் இரு தரப்பு இறையியலாளர்களும் உட்கார்ந்து பேசிய பொருள்களில் தெரிந்துகொள்ளுதலும் ஒன்று. ஐரோப்பா நானூறு ஆண்டுகளாகத் தீர்க்காத வழக்கை இந்தியாவில் மரியாதையாகப் பேசித் தீர்க்க முயன்றார்கள். வியக்கத்தக்க அளவுக்கு ஒப்புதலும் கண்டார்கள். ஆனால் ஒரே திருச்சபை ஆகவில்லை. மிசூரி வழிச் சபை 1950-களின் இறுதியில் தன் சொந்த அமைப்புச் சட்டத்தோடு தனித் திருச்சபையாகியது. வேதாகமத்தில் பிழை உண்டா என்ற பழைய கேள்வி தாய்ச்சபையை மறுபடி பிளந்தது 1974-இல். செயின்ட் லூயிஸ் நகரத்துக் கன்கார்டியா செமினரியின் ஆசிரியர்களும் மாணவர்களும் பெருங்கூட்டமாக வெளியேறினார்கள். நேதர் அதைப் பார்க்கவில்லை. 1904-இல் கிருஷ்ணகிரியில் பிளேக் நோய் அவரைக் கொண்டுபோய்விட்டது.

சித்தத்தைப் பற்றிப் பேசும் உரிமையை அரசும் எடுத்துக்கொண்டது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, கிறிஸ்தவரான தலித்தைப் பட்டியல் சாதியிலிருந்து வெளியே நிறுத்தியது. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். சேரி அதே சேரி, தொட்டி அதே தொட்டி, சான்றிதழ் மட்டும் வேறு. சுயாதீனமாகத் தெரிவு செய்தாய், அதற்கு விலை கொடு என்கிறது சட்டம். இது அநியாயம் என்பதில் எனக்கு ஐயமில்லை. 1977-இல் உச்ச நீதிமன்றம், மதத்தைப் பரப்பும் உரிமையில் பிறரை மாற்றும் உரிமை அடங்காது என்றது. 2002 அக்டோபரில் தமிழ்நாடு அரசு கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டத்தைக் கொண்டு வந்தது. வற்புறுத்தல், ஆசைகாட்டுதல், மோசடி மூன்றையும் அது குற்றமாக்கியது. தெய்வக் கோபம் வரும் என்று அச்சுறுத்துவதும் அதன்படி வற்புறுத்தலே. எராஸ்மஸும் லுத்தரும் பக்கம் பக்கமாக எழுதிய விஷயத்தை ஒரு வரையறைக்குள் அடைத்துவிட்டார்கள். 2004-இல் அந்தச் சட்டம் திரும்பப் பெறப்பட்டது.

இன்று ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் சித்தத்தைப் பற்றிய வாதம் வேறொரு மேடைக்கு வந்திருக்கிறது. நற்செய்திக் கூட்டங்களில், இன்றே தீர்மானம் எடுங்கள், கையை உயர்த்துங்கள், முன்னே வாருங்கள் என்று அழைக்கிறார்கள். ஷூ கம்பெனியில் பகலெல்லாம் தைத்துவிட்டு வந்த பெண்கள் கண்ணீரோடு முன்னே போகிறார்கள். அந்தக் கண்ணீரை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அடுத்த மாதக் கூட்டத்திலும் அதே பெண் மறுபடி முன்னே போகிறாள், போன முறை எடுத்த தீர்மானம் போதவில்லையோ என்ற பயத்தோடு. இரட்சிப்பு தன் தீர்மானத்தின் பலத்தில் நிற்கிறது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அவள் பாட்டி சிறிய ஞானோபதேசத்தை ஒப்பித்தவள். என் பலத்தால் வர முடியாது, அழைத்தவர் அவர் என்று பதின்மூன்று வயதில் மனப்பாடம் செய்ததைக் கடைசி வரை மறக்காதவள். கூலி குறைந்த நாளிலும், பிள்ளை காய்ச்சலில் கிடந்த நாளிலும், ஜெபம் வராத நாளிலும் அந்தப் பாட்டிக்குத் தன் விசுவாசத்தை எடை போட்டுப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் இருக்கிறார்கள். பேத்திக்குப் பாட்டியின் பாடத்தை மறுபடி சொல்லித்தர ஆம்பூர்ச் சபைகளுக்குக் கடமை இருக்கிறது.

1907-இல் இதே மிஷன் தோல் தொட்டிகளைத் தாண்டித் தெற்கே நாகர்கோவிலுக்கும் போனது. அங்கே அதைக் கூப்பிட்டவர்கள் உள்ளூர் மக்களே. அந்தக் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)